அப்பாவின் கன்னத்தில் ஆறாத புண்: சூடுதானா, வேறு ஏதாவதா?

வேதாளை_மகன்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை எங்கள் ஊர். அப்பாவுக்கு 58 வயது, நாட்டுப்படகில் போகிறவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நாலையும் சேர்த்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் படகில் ஏறுவார். இப்போது அதே கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். பொங்கலுக்கு முன்னாலேயே பார்த்தோம், மாசி பிறந்தும் அப்படியே இருக்கிறது. கேட்டால் "வலியே இல்லடா, வெயில் சூடு, தானா ஆறிரும்" என்கிறார். அம்மா நாள் விட்டு நாள் மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்து கொடுக்கிறார்.

எனக்கும் அடிக்கடி உதட்டுக்குள் புண் வரும். ஒரு வாரம், பத்து நாள் உயிரை எடுத்துவிட்டுப் போய்விடும். போன மாதம் என் 3 வயது மகளுக்குக் காய்ச்சலோடு வாய் முழுக்கப் புண். வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதம், ஆனால் ஊரில் எல்லாவற்றுக்கும் சூடு என்று ஒரே பதில்தான் கிடைக்கிறது. எது எதனால் வருகிறது, எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்மருத்துவர்_ராம்நாடு

தம்பி, மூன்றும் வேறு வேறு. எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு வருவது சாதாரண வாய்ப்புண். நடுவில் வெளிர் மஞ்சள், சுற்றிச் சிவப்பு வளையம், உப்பும் புளியும் பட்டால் சுரீர் என்று இருக்கும். உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் அடி என்று மெத்தென்ற இடங்களில்தான் வரும். 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பல்லால் கடித்துக்கொள்வது, பிரஷ் குத்துவது, தூக்கமில்லாமை, மனக்கவலை, பெண்களுக்கு மாதவிலக்கு நேரம் இவையெல்லாம் தூண்டும். மாதாமாதம் வந்தால் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் மூன்றையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கு வழுவழுவென்று சிவந்து போயிருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். சிலருக்கு அதிகம் நுரைக்கும் டூத்பேஸ்ட்டை மாற்றினாலே புண் வருவது குறையும்.

இதே புண் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வந்தால் வாரக்கணக்கில் இழுத்து, தழும்போடு ஆறும். அதற்கு மருந்து வேண்டும், காத்திருக்கத் தேவையில்லை.

உதட்டின் வெளியே, ஓரத்தில், கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்து பொருக்குத் தட்டுவது வேறு. அது ஹெர்ப்பிஸ் வைரஸ். காய்ச்சல் வந்தாலும், கடும் வெயிலில் நின்றாலும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வரும். அது ஒட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்கக் கூடாது, ஒரே டம்ளரில் குடிக்கக் கூடாது.

இப்போது அப்பா. நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. புகையிலை அடக்கும் அதே இடம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் ஆறவில்லை. வலி இல்லை. வலி இல்லை என்பதை வைத்து அவர் தைரியமாக இருக்கிறார், எனக்கு அதுதான் கவலை. வாயில் துடிக்க வைக்கும் புண்கள் பெரும்பாலும் தானாக ஆறுகிறவை. சத்தமில்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் புண்ணைத்தான் நாங்கள் பயந்து பார்ப்போம். 2 வாரம் தாண்டிய எந்தப் புண்ணையும் காட்ட வேண்டும். 3 வாரம் தாண்டினால் தள்ளிப்போடவே கூடாது.

இன்று வீட்டில் ஒன்று செய்யுங்கள். கையைக் கழுவிவிட்டு, செல்போன் டார்ச் அடித்து, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். புண்ணின் விளிம்பு தடித்து, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? சுற்றி வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தேய்த்தால் போகாமல் இருக்கிறதா? பக்கத்தில் உடைந்த கடைவாய்ப்பல் உரசுகிறதா? நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும் அடியும் பாருங்கள். தாடைக்குக் கீழே, கழுத்தில், கட்டி தட்டுப்படுகிறதா? அவருடைய மூன்று விரலையே நேராக நிறுத்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள், நுழைகிறதா? பார்த்து எழுதுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

தொண்டி_நர்ஸ்

பிள்ளையைப் பற்றி நான் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. பால்வாடி திறந்திருக்கும் மாதங்களில் இந்தக் கேஸ்தான் அதிகம்.

உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டத்தில் சிவப்புப் புள்ளியும் சேர்ந்து வந்திருந்தால் அது கை கால் வாய் நோய். சில ஊரில் தக்காளிக் காய்ச்சல் என்பார்கள். கையில் காலில் ஒன்றுமில்லை, ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசிந்து, ஜொள்ளு ஊற்றிக்கொண்டே இருந்தால், மேலே டாக்டர் சொன்ன ஹெர்ப்பிஸ் முதல் முறையாக வந்திருக்கலாம். இரண்டுமே வைரஸ், ஆன்டிபயாட்டிக் கேட்டு நிற்க வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது நீர்ச்சத்து போவதற்குத்தான். வலியில் பிள்ளை வாயைத் திறக்காது, குடிக்காது. ஆறேழு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, சுருண்டு படுக்கிறது என்றால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். அதுவரை ஆறிய கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர் என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வாய்ப்புண் என்று தேன் தடவவே தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், கை கால் துவண்டுபோகும். மரத்துப்போகிற ஜெல்லையும் டாக்டரைக் கேட்காமல் சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, வாயில் பூஞ்சை. நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும், துடைத்தால் அடியில் சிவந்து சில நேரம் ரத்தம் கசியும். கைக்குழந்தைகளுக்கு வரும். பெரியவர்களுக்கு வந்தால் நான் முதலில் சுகர் பார்ப்பேன். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவர்கள், ராத்திரியும் பல்செட்டைக் கழற்றாமல் தூங்குகிறவர்கள், ரொம்ப நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லோருக்கும் வரும். இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புவது, பல்செட்டைக் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போட்டு வைப்பது, இந்த இரண்டும் பாதி வேலையைச் செய்துவிடும். மீதிக்கு வாயில் தடவும் மருந்து இருக்கிறது.

மூலிகைத்தோட்டம்

மணத்தக்காளியை யாரும் குறைவாகப் பேசிவிடக் கூடாது என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாய்ப்புண்ணுக்கு அதுதான். கீரை, பழம், வற்றல் மூன்றும் நல்லது. கொப்பரைத் தேங்காயை மென்று அந்தப் பாலைப் புண்ணில் பட விடலாம். மாசிக்காயை இழைத்துத் தடவலாம். கருவேலம்பட்டையைக் கொதிக்க வைத்துக் கொப்பளித்தால் ஈறு இறுகும். இந்த மாவட்டம் முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அல்ல, நாட்டுக் கருவேலம்.

பல்மருத்துவர்_ராம்நாடு

ஐயா, கீரையை நான் தடுக்கவே மாட்டேன். ஃபோலேட் குறைவுக்குக் கீரை நல்லதுதான். துவர்ப்பான பட்டைத் தண்ணீரில் கொப்பளிப்பதும் பலருக்கு இதமாக இருக்கும். தம்பிக்கு வரும் பத்து நாள் புண்ணுக்கு இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தாலும் போதும். எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான்: பத்து நாளில் தானாக ஆற வேண்டிய புண் ஆறியதும் கீரைக்குப் பெயர் வந்துவிடுகிறது, அந்த நம்பிக்கையில் ஆறாத புண்ணுக்கும் மூன்று மாதம் கீரையே ஓடுகிறது. கடைசியில் வாய் திறக்க முடியாமல் வருகிறார்கள்.

சின்னப்பாலம்_அக்கா

நான் பாம்பன் சின்னப்பாலம். பாசி எடுக்கப் போகிறவள். தம்பி அப்பாவைப் பற்றிக் கேட்டது நல்லது. ஆனால் இதில் எல்லோரும் ஆம்பளைகள் வாயைப் பற்றியே பேசுகிறீர்கள்.

நாங்கள் விடியுமுன் வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிறோம். மணிக்கணக்காக உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டு ஏறினால் உதடு வெடித்திருக்கும், கடைவாய் இரண்டும் கிழிந்திருக்கும். கொண்டுபோன தண்ணீர் பாதியிலேயே தீர்ந்துவிடும். பசி தெரியக் கூடாது என்று பல பேர் புகையிலையைக் கிள்ளி வாயில் வைத்துக்கொள்வோம். பசியும் அடங்கும், குளிரும் தெரியாது. எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மாவுக்குக் கீழ் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் தோல் வெளுத்துச் சுருங்கி, ஊறப்போட்ட தோல் மாதிரி இருந்தது. புகையிலை வைக்கிற இடம். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அது புற்று இல்லை, ஆனால் விட்டால் ஆகலாம் என்றார்கள். புகையிலையை விட்டார். அடுத்தடுத்துக் காட்டப் போனபோது திட்டு மங்கிவிட்டது என்று சொன்னார்கள்.

வீட்டில் ஆம்பளைக்கு வாய் வலித்தால் குழம்பில் காரம் குறையும். பொம்பளைக்கு வலித்தால் அவள் மட்டும் தண்ணிச்சோறு குடித்துவிட்டுப் படுப்பாள், யாருக்கும் தெரியாது. டார்ச் அடித்துப் பார்க்கும்போது அம்மா வாயையும் பாருங்கள் தம்பி.

பல்மருத்துவர்_ராம்நாடு

அக்கா, நீங்கள் அந்த அம்மாவைக் கூட்டிப்போனது பெரிய காரியம். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றாவதில்லை, சில மட்டும்தான் ஆகும். எது ஆகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் காட்டச் சொல்கிறோம். வெல்வெட் போலச் சிவந்த திட்டு என்றால் ஆபத்து அதைவிடக் கூடுதல்.

கடைவாய் கிழிவதற்குப் பூஞ்சை, இரும்புச்சத்துக் குறைவு, பி2 குறைவு, எச்சில் தேங்குவது என்று பல காரணம். நக்கிக்கொண்டே இருந்தால் ஆறாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி வாசலின் தடவுங்கள், ரத்தம் ஒரு தடவை பாருங்கள். கீழுதடு வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து உரிந்து, உதட்டுக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள கோடே மங்கிப்போயிருந்தால் அதையும் காட்ட வேண்டும். வெயிலால் கீழுதட்டில் புற்று வரும். கடல் வேலை செய்கிற எல்லோருக்கும் இது பொருந்தும். தலைக்குத் துண்டு கட்டும்போது முகத்துக்கும் நிழல் விழுகிற மாதிரிக் கட்டுங்கள்.

கீழக்கரையான்

நான் புகையிலை தொட்டதே இல்லை, வெறும் பாக்கு மட்டும்தான். துபாயில் இருந்த காலத்தில் பழகியது. இப்போது ஒரு வருடமாகக் காரம் வாயில் வைக்க முடியவில்லை, புண் ஒன்றும் இல்லை, ஆனால் எரிகிறது. உம்மா வைக்கிற கறியைத் தண்ணீர் ஊற்றித்தான் சாப்பிடுகிறேன். மேலே சொன்ன மூன்று விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டுதான் போகிறது. பாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பல்மருத்துவர்_ராம்நாடு

உண்டு, நேரடியாக உண்டு. பாக்கு வாயின் உள்தோலுக்கு அடியில் நார் நாராகத் தழும்பு விழ வைக்கும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். முதல் அறிகுறியே காரம் தாங்காத எரிச்சல். பிறகு கன்னம் வெளுத்து, உள்ளே விரலால் தடவினால் கயிறு போல் தட்டுப்படும். வாய் மெல்ல மெல்லச் சுருங்கும், சீட்டியடிக்க வராது, நாக்கை நீட்ட வராது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013இல் தடை வந்தது, ஆனால் தனிப்பாக்கு எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. இனிப்பு போட்ட பாக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமே வருகிறது.

விழுந்த தழும்பு முழுசாகத் திரும்பாது. இன்றே நிறுத்தினால் மேலே போகாமல் பிடிக்கலாம். வாய்ப் பயிற்சியும் மருந்தும் உண்டு. இந்த வாரமே யாரிடமாவது காட்டுங்கள், அப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை தவறாமல் காட்டிக்கொண்டே இருங்கள்.

விசைப்படகு_டிரைவர்

புண் இல்லை, பல் கதை. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து போனபோது எங்கள் படகில் ஒரு பையனுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் வலி. கரையிலேயே சொல்லவில்லை, கூலி போய்விடும் என்று மறைத்துவிட்டான். நடுக்கடலில் வலி மாத்திரையை நுணுக்கி ஈறில் வைத்தான். ஈறு வெந்து வெள்ளையாக உரிந்ததுதான் மிச்சம். நடு ராத்திரிக்குத் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் மாதிரி வீங்கிவிட்டது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுகிறான், பேச்சு குழறுகிறது. வலையைச் சுருட்டிவிட்டுத் திருப்பினேன். கரையில் 108 நின்றது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். பல் சீழ் உயிரை எடுக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது கடலுக்குப் போக டோக்கன் எடுக்கும்போதே யாருக்காவது பல் வலியா என்று கேட்டுவிடுகிறேன்.

பல்மருத்துவர்_ராம்நாடு

நீங்கள் திருப்பியதால் அந்தப் பையன் இருக்கிறான். தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் பல் கிளினிக் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரையையும் கிராம்புத் தைலத்தையும் ஈறில் அப்பாதீர்கள், சுண்ணாம்பு மாதிரியே அதுவும் வேக வைக்கும்.

உச்சிப்புளி_மகள்

அம்மாவுக்கு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருக்கிறார்கள். சில நாளாக வாய் முழுக்கப் புண், சாப்பிடவே முடியவில்லை. இதையும் மணத்தக்காளியில் சரிசெய்யலாமா?

தொண்டி_நர்ஸ்

அக்கா, உடனே மாத்திரை அட்டையைப் பாருங்கள். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறித் தினமும் போட்டுவிட்டால் வாய்ப்புண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், உள்ளே ரத்த அணுக்களும் குறைந்துகொண்டிருக்கும். சரியாகப் போட்டிருந்தாலும் வாய் முழுக்கப் புண் என்றால் அடுத்த மாத்திரை போடுவதற்கு முன்னால், இன்றைக்கே, டாக்டரிடம் போங்கள். காய்ச்சல் இருந்தால் இன்னும் அவசரம். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நிக்கோராண்டில் மாத்திரையிலும் சிலருக்கு ஆழமான புண் வரும். எந்த ஆறாத புண்ணுக்குப் போனாலும் சாப்பிடுகிற மாத்திரையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உச்சிப்புளி_மகள்

பார்த்துவிட்டேன். 4 நாள் தொடர்ந்து போட்டிருக்கிறார். கிளம்பிவிட்டோம்.

வேதாளை_மகன்

டார்ச் அடித்துப் பார்த்தேன். புண் ஒரு பட்டாணி அளவுக்கு இருக்கிறது. ஒரு பக்க விளிம்பு கெட்டியாகத்தான் இருக்கிறது. சுற்றி வெள்ளையாக ஒரு திட்டு, துணியால் துடைத்தும் போகவில்லை. அதற்கு நேர் எதிரே கடைவாய்ப்பல் ஒன்று உடைந்து கூராக நிற்கிறது. கழுத்தில் கட்டி எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை, மூன்று விரல் போகிறது. அம்மா வாயையும் பார்த்தேன், ஈறில் ரத்தம் கசிவதைத் தவிர ஒன்றுமில்லை.

அப்பா வர மறுக்கிறார். இப்போதுதான் மீன் படுகிறதாம். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகெல்லாம் நின்றால் நமக்கும் ஓய்வு இருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கத்தி பட்டால் சாதாரணப் புண்ணும் புற்றாகிப் பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பயமும் இருக்கிறது.

பல்மருத்துவர்_ராம்நாடு

தடைக்காலம் தொடங்குவதே ஏப்ரல் 15. இன்னும் ஏறத்தாழ இரண்டு மாதம். அந்த உடைந்த பல்லே புண்ணுக்குக் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதை அப்பாவிடம் சொல்லுங்கள். பல்லின் கூர்முனையைத் தேய்த்துவிட்டாலோ பல்லையே எடுத்துவிட்டாலோ இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்கிவிடும். ஆறாவிட்டால், அல்லது பார்த்ததுமே சந்தேகம் இருந்தால், பயாப்சி எடுப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு அரிசி அளவு சதை எடுப்பது, ஒன்றிரண்டு தையல், அன்றே வீட்டுக்கு. கத்தி பட்டுப் புற்று பரவுவது கிடையாது. புற்றாகிவிட்டதைக் காட்டாமல் வைத்திருந்தால்தான் பரவும். சின்னதாக இருக்கும்போது பிடித்தால் பெரும்பாலோருக்கு முழுசாகக் குணமாகிறது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசில்லை. மேல் சிகிச்சை தேவைப்பட்டாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ராமநாதபுரத்திலேயே 2022 முதல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பதால் முதல் நாளே மதுரைக்கு ஓட வேண்டியதும் இல்லை. காலையில் ஓபி சீட்டுப் போட்டுப் பல் பிரிவைக் கேளுங்கள்.

விசைப்படகு_டிரைவர்

தம்பி, அப்பாவிடம் போனைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். கடலுக்குப் போகிறவன் சொன்னால் கேட்பார். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

வேதாளை_மகன்

டிரைவர் அண்ணன் பேசிய அன்று ராத்திரியே அப்பா சம்மதித்துவிட்டார். இன்று போய்விட்டு வந்தோம். அந்தப் பல்லை எடுத்துவிட்டார்கள். வெள்ளைத் திட்டும் விளிம்பும் சரியாகத் தெரியவில்லை, காத்திருக்க வேண்டாம் என்று பயாப்சியும் இன்றே எடுத்துவிட்டார்கள். இரண்டு தையல். அப்பா ஊசி போட்டதையே உணரவில்லை என்கிறார். ரிசல்ட் அடுத்த வாரம். புகையிலைப் பையை அவரே என்னிடம் கொடுத்துவிட்டார், ஆனால் சாயங்காலத்திலிருந்து கை நடுங்குகிறது, எரிந்து விழுகிறார். இன்றைக்குச் சாப்பிட என்ன கொடுக்கலாம்? உப்புத் தண்ணீரில் இப்போதே கொப்பளிக்கலாமா?

பல்மருத்துவர்_ராம்நாடு

இன்று கொப்பளிக்க வேண்டாம், ரத்தக்கட்டு கரைந்துவிடும். நாளையிலிருந்து உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெல்ல ஆட்டித் துப்பட்டும். இன்று ஆறிய கஞ்சி, மோர், மசித்த இட்லி, வலது பக்கமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் அழுத்திப் பிடிக்கட்டும், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடுக்கமும் எரிச்சலும் புகையிலை விட்டதால் வருவது, முதல் சில நாள்தான் கடுமை. வாய் கேட்கும்போது ஒரு மடக்குத் தண்ணீர். பாக்கு மட்டும் கொடுத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள், மேலே கீழக்கரைத் தம்பி எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். தாங்கவில்லை என்றால் தையல் ஆறியதும் நிக்கோட்டின் சூயிங்கம் பற்றி அங்கேயே கேட்கலாம். ரிசல்ட் வாங்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், காகிதத்தை மட்டும் வாங்கிவந்து வீட்டில் வைத்துவிடாதீர்கள். வந்ததும் எழுதுங்கள் தம்பி, அதில் இருப்பதை வரி வரியாக விளக்குகிறேன்.